ஐந்தாம் மாடியில் கொஞ்சம் மண்

மண்ணை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போகிறேன்.
இரண்டாம் மாடியில் ஏறியவர்
மூட்டையைப் பார்த்து, என்னைப் பார்த்து,
"அரிசியோ?" என்கிறார்.
"மண்."
ஐந்தில் கதவு திறக்கும்வரை
எங்கள் இருவருக்கும் அதற்குமேல் பேச்சில்லை.

நான் தோட்டக்காரி இல்லை.
வெள்ளவத்தையில் எனக்கு வாய்த்தது
நாலு எட்டில் முடிகிற பல்கனி,
அதிலும் பாதி ஏசியின் வெளிப்பெட்டிக்கு.
மிச்சத்தில்
ஆணி சுட்டு அடியில் ஓட்டை போட்ட யோகட் கோப்பைகள்,
கைப்பிடி போன வாளி,
ஒரு பெயின்ட் டின்.
டின்னில் எழுதியிருக்கும் நிறம் 'காலைப் பனி'.
வளர்வது கொச்சி மிளகாய்.

மே பிறந்தால் ஒன்றும் நடமாட்டேன்.
தென்மேற்குக் காற்று தண்டவாளம் தாண்டி,
மரைன் டிரைவ் தாண்டி,
உப்பை வாரிக்கொண்டு நேரே என்னிடம் வரும்
வாடகை கேட்க வருகிறவர் மாதிரி.
முதல் வருடம் தக்காளி வைத்துப் பார்த்தேன்.
நுனி கருகி, ஓரம் சுருண்டு,
ஜூன் நடுவில் முண்டு கொடுத்த குச்சிதான் மிஞ்சியது.
கற்பூரவள்ளி மட்டும்
எந்தக் காற்றுக்கும் தடித்த தோலைக் காட்டியபடி இருந்தது.

அந்த மாதங்களில் தோட்டம் உள்ளே வந்துவிடும்.
ஜாம் போத்தலில் மணிபிளான்ட்,
குளியலறை ஜன்னலில் ரம்பை.
காலி வீதியில் காற்று முறித்துப் போட்ட தேமாக் கொப்பை
ஒருநாள் பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.
பால் ஒட்டிவிடுமென்று
பக்கத்து இருக்கைக்காரர்
காற்சட்டையை முழங்காலுக்கு மேல் இழுத்துக்கொண்டார்.
மேசையில் மூன்று நாள் பூத்தது.
நான்காம் நாள் வாடிய பூவைக் கூட்டி அள்ள மனமில்லாமல்
அதைச் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டேன்.

செப்டம்பரில் டெங்கு பார்க்க வந்தார்கள்.
ஜயதுங்க என்று நெஞ்சில் பெயர் குத்தியவர்
ஜாம் போத்தலைத் தூக்கி டோர்ச் அடித்தார்.
வேர்களுக்கிடையே
ஒரு காற்புள்ளி நெளிந்தது.
பிறகு இன்னொன்று.
இயற்கையை வீட்டுக்கு அழைத்தது நான்தான்.
யார் யாரைக் கூட்டிவருவதென்று
அது என்னிடம் கேட்கவில்லை.
தண்டம் எழுதப்போகிறார் என்று நின்றேன்.
தண்ணீரைக் கொட்டி, மணல் நிரப்பச் சொல்லி,
எச்சரிக்கைத் தாளை நீட்டியவர்
வாசலில் நின்று திரும்பினார்.
"அந்த டின்னில் இருப்பது கொச்சிதானே?"
பழுத்த ஒன்றைப் பறித்துக் கொடுத்தேன்.
நீட்டிய தாளை மீண்டும் வாங்கி
மூலையைக் கிழித்து, விதையை மடித்து,
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
மூலையில்லாத எச்சரிக்கை
இன்னும் என் ஃபிரிஜ்ஜில் ஒட்டியிருக்கிறது.

ஒக்டோபரில் மூன்று மணிக்கு வானம் இருண்டு
நாலு மணிக்கு இடிக்கும்.
அதுதான் எனக்கு நாள், நட்சத்திரம் எல்லாம்.
பசளியைக் கிள்ளி ஊன்றுவேன்.
பயற்றை விதையை விரலால் அழுத்திவிட்டு
இரண்டு நாள் மறந்துபோவேன்.
தக்காளி செத்த குச்சியில் அது ஏறிவிட்டது.

ஒருமுறை வாளி நிரம்பிச் சேறு வழிந்து
நாலாம் மாடி நுஸ்ரத்தின் வெள்ளைப் படுக்கை விரிப்பில் விழுந்தது.
ஒரு கட்டுப் பசளியோடு இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.
அடுத்த வாரம் கீழிருந்து குரல்:
"இண்டைக்குச் சேறு விழல்லையா?
பருப்பு அவிச்சு வெச்சிருக்கேன்!"

இந்த வருட விளைச்சல்
பயற்றங்காய் பதினொன்று.
பன்னிரண்டாவதைக் காகம் கொண்டுபோனது.

தை மாதம் கொட்டம்பா மரங்கள் சிவக்கும்.
கடற்கரையில் நடந்து வரும்போது
கையகலத்துக்கு ஒரு இலை
செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது.
கழுவித் துடைத்து
மின்சார பில்லுக்கு மேல் வைத்தேன்.
நரம்பின் அடியிலிருந்து ஒரு எறும்பு வெளிப்பட்டு,
நிலுவைத் தொகையைக் கடந்து,
மேசை விளிம்பில் கொஞ்சம் யோசித்து,
சமையலறைப் பக்கம் போகிறது.

போகட்டும். சீனிப் போத்தல் மூடித்தான் இருக்கிறது.